கம்பிச் சுருளில் இருந்த சிவப்புத் தும்பி

மகன்,

இந்தக் கடிதம் கருவாட்டு மணத்தோடுதான் உன் கைக்கு வந்து சேரும். மூக்கைப் பொத்திக்கொண்டு வாசி. தபாலில் போட்டால் வழியில் யாராவது உடைத்து வாசித்துவிட்டு ஒட்டி அனுப்புவார்கள் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். என் எழுத்தை நாலு பேர் வாசிப்பதில் எனக்கென்ன வெட்கம்? அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் உட்கார்ந்து ஊராருடைய விண்ணப்பங்களைத் தட்டச்சு அடித்தே தேய்ந்த விரல்கள் இவை. சொந்தமாக ஒரு வரி எழுதினால் அதை யாராவது வாசிக்க மாட்டார்களா என்றுதான் இத்தனை காலமும் ஏங்கியிருக்கிறேன். ஆனால் இந்த ஒரு கடிதத்தை முதலில் வாசிக்கிற ஆள் நீயாக இருக்க வேண்டும். அதனால் காசிம் நானாவைப் பிடித்தேன். கிண்ணியாவிலிருந்து லொறியில் கருவாடு ஏற்றிக்கொண்டு, உன் பல்கலைக்கழகம் இருக்கிற மலைநாட்டுப் பக்கம் போகிற அதே மனிதர். "பயப்படாதீங்க தங்கச்சி, கட்டாக் கருவாட்டுச் சாக்குக்குள்ள கையை விட்டுத் தேடுற ஆம்பிள இன்னும் பொறக்கல்ல" என்றார். அவர் தந்த தைரியத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தைரியம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். நான் அடித்துத் திருத்தியிருக்கிற இடங்களைப் பார்த்தே நீ அதைக் கண்டுபிடித்திருப்பாய்.

உன் கடிதத்துக்குப் பதில்தான் இது. மற்றப் பிள்ளைகள் தாய்க்குக் கடிதம் எழுதினால் மிளகாய்த்தூள் கேட்பார்கள், புதுச் சாரம் கேட்பார்கள். நீ கேட்டது, லிங்கநகருக்குக் கீழே உப்புத்தண்ணீர் ஏறி வற்றுகிற சதுப்பில் ஒரு சிவப்புத் தும்பி இருக்கும், அது எந்தச் சிவப்புத் தும்பி என்று பார்த்துச் சொல்லுங்கோ என்று. அதை உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, "இவனை டொக்டருக்குப் படிக்கவெல்லோ அனுப்பினனாங்கள்?" என்று கேட்டார். நீ விலங்கியல் படிக்கப் போய் எத்தனை காலமாகிறது! கடைசி நேரத்தில் எப்படியாவது டொக்டராக மாறிவிடுவாய் என்றுதான் அந்த மனிதர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். நான் அவரைத் திருத்தவில்லை. கணவன்மாருக்குச் சில நம்பிக்கைகளை விட்டுவைப்பது குடும்பத்துக்கு நல்லது. கல்யாணம் செய்தபோது எனக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும் என்றும் அவர் நம்பியிருந்தார்.

நீ படம் கீறி, பகுதி பகுதியாக விளக்கியிருந்தாய். சிவப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், எங்கள் பக்கத்தில் ஒன்றையொன்று போல இருக்கும் சிவப்புத் தும்பி மூன்று வகை உண்டு, தூரத்தில் நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றுதான் என்றாய். முதலாவது, வாய்க்கால், கிணற்றடி என்று எங்கும் திரிவது. அதன் முதுகில் நூல் பிடித்த மாதிரி ஒரே ஒரு கறுப்புக் கோடு. இரண்டாவது, கந்தளாய்க் குளத்துப் பக்கம் நிறையக் காண்பது. பின்சிறகு உடம்போடு சேருகிற இடத்தில் துருப்பிடித்த மாதிரிப் பெரிய கறை, வால் முடிகிற இடத்தில் மேலே கறுப்புப் பொட்டுகள். மூன்றாவதுதான் நீ தேடுவது. உவர்த்தண்ணீரில் பெருகுவது, கடற்கரையை விட்டு அதிகம் உள்ளே வராதது. சிறகடியில் கறை இருந்தும் இல்லாத மாதிரி ஒரு சின்ன மஞ்சள். முதுகில் ஈட்டி முனைகளை வரிசையாக அடுக்கின மாதிரிக் கறுப்பு. குச்சி நுனியில் வந்து இருந்தால் பின்சிறகுகளைத் தூக்கி வைத்துக்கொண்டு காற்றோடு சேர்ந்து ஆடும். நீ வீட்டை விட்டுப் போவதற்கு முன் அதை அந்தச் சதுப்பில் ஒருமுறை கண்டிருக்கிறாய். உன் பேராசிரியர் நம்பவில்லை. நீ கண்டது இரண்டாவதாக இருக்கும் என்று சிரித்திருக்கிறார். "அதுதான் என்று அம்மா சொன்னால் விடுமுறை தொடங்கின அன்றே பஸ் ஏறி வந்து பிடித்துக்கொண்டு போவேன். இல்லையென்றால் இங்கேயே நின்று வேறு தலைப்பு எடுப்பேன்" என்று முடித்திருந்தாய். ஒரு பூச்சியின் முதுகில் இருக்கிற கறுப்பைப் பொறுத்து என் பிள்ளை இந்த ஊருக்குள் வருவான் அல்லது வரமாட்டான்.

உன் தும்பிகளோடு எனக்குப் பழைய பகை உண்டு என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் கேணித் தண்ணீரிலிருந்து ஏதோ ஒரு அவலட்சணமான பூச்சியைப் பிடித்து வந்து, தும்பிக் குஞ்சு என்று சொல்லி, என் குசினியில் கண்ணாடிச் சாடியில் வளர்த்தாய். அதற்கு இரை என்று தண்ணீரில் நெளிகிற நுளம்புக் குடம்பி தேடிப் பக்கத்து வீட்டு வாளியெல்லாம் எட்டிப் பார்த்தாய். அது அலுமாரித் திரைச்சீலையில் ஏறி, முதுகு வெடித்து, உள்ளேயிருந்து ஈரமாக ஒரு தும்பி வெளியே வந்த காலையில் நான் போட்ட சத்தத்தில் உன் அப்பா முகத்தில் சவர்க்கார நுரையோடு ஓடி வந்தார். நீ மட்டும் அசையாமல் நின்று, "அம்மா, சத்தம் போடாதேங்கோ, சிறகு காயுது" என்றாய். நானும் வாயை மூடிக்கொண்டேன். என்னை வாயை மூட வைத்த மனிதர்கள் இந்த ஊரில் மிகவும் குறைவு. அதற்காகவே உன்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

இப்போது ஊர் நிலைமையைச் சொல்கிறேன். நீ போன பிறகு இந்த ஒழுங்கையில் ஆம்பிளைப் பிள்ளைகளே இல்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன், எந்தத் தாயிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார். சரசு அக்காவைக் கேட்டால் "எனக்குப் பெட்டையள் மட்டுந்தான்" என்பாள். அவளுடைய குசினிக்குள் அடுப்புக்கு மேலே கொடி கட்டி, அதில் காற்சட்டை காய்ந்துகொண்டிருக்கும். முற்றத்துக் கொடியில் இளம் பொடியன்களின் உடுப்புக் காயப்போடுவதை நாங்கள் எல்லோரும் நிறுத்திவிட்டோம். படலைக்கு வெளியே பெரிய செருப்பு வைப்பதில்லை. சீருடையில் ஒருவர் நின்றால் அவர் காதுபட மகன் என்ற சொல்லையே எடுப்பதில்லை. இந்தச் சட்டத்தை இந்த ஒழுங்கைக்குக் கொண்டுவந்தவளே நான்தான். புதிதாகக் குடிவந்த பெண்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "இஞ்ச பார் பிள்ளை, வாயை அடக்கினால்தான் வளர்த்ததைக் காப்பாத்தலாம்" என்று பாடம் எடுத்திருக்கிறேன். ஊரில் என் வாயைப் பற்றி என்ன கதை என்று உனக்குத் தெரியும். அந்த வாயால் அந்தப் பாடம் எடுத்தபோது கேட்டவர்கள் சிரிக்காமல் இருந்ததே அவர்கள் வளர்ப்பின் சிறப்பு.

சதுப்புக்குச் சும்மா போக ஏலாது. அதன் மறுகரையில், துறைமுகத்தைப் பார்த்தபடி ஆமிக்காரர் புதிதாக ஒரு காவல் சென்றி போட்டிருக்கிறார்கள். மண்மூட்டை, தகரக் கூரை, முன்னால் முள்ளுக்கம்பிச் சுருள். அதனால் உமிரிக் கீரை ஆயப் போகிறவள் மாதிரி ஓலைப் பெட்டியோடு போனேன். உமிரி நீரிழிவுக்கு நல்லது என்று சரசு அக்காவிடம் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். அடுத்த நாளே அவள் தனக்கும் நீரிழிவு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு பெட்டியோடு வந்து நின்றாள். அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு பேர். கடைசியில் எங்கள் ஒழுங்கை முழுவதும் உப்புக் கீரை சாப்பிட்டுத் தாகத்தில் தவித்தது. உன் அப்பா மூன்று வேளையும் உமிரிச் சுண்டல் தின்றுவிட்டு, "இவன் யானையைப் படிச்சிருக்கலாம், யானையைத் தேடக் கீரை ஆயத் தேவையில்லை" என்றார்.

தும்பிகள் இருந்தன. நிறைய இருந்தன, நிறையச் சிவப்பாகவும் இருந்தன. ஆனால் என் கண்ணின் சீரை நீ மறந்துவிட்டாய். வாசிக்கிற கண்ணாடியைப் போட்டால் உன் படம் தெரியும், தும்பி ஒரு சிவப்புப் புகையாகிவிடும். கண்ணாடியைக் கழற்றினால் தும்பி தெரியும், உன் படம் புகையாகிவிடும். ஆகவே கழற்றித் தும்பியைப் பார்ப்பேன், போட்டுப் படத்தைப் பார்ப்பேன், மறுபடி கழற்றுவேன். கண்டல் மரத்துக்குப் பக்கத்தில், நல்ல வெயிலில், உச்சி வேளை நெருங்குகிற நேரத்தில், ஒரு பொம்பிளை கண்ணாடியைப் போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி நிற்கிறாள். சதுப்புக்கு அந்தப் பக்கம் சென்றியில் நிற்கிறவனுக்கு என்ன தெரியும்? பளிச், பளிச் என்று துறைமுகத்தைப் பார்த்து ஒரு வெளிச்சம். பெட்டியோடு வந்த மற்றப் பெண்களுக்கு இது என்னை விட முதலில் விளங்கிவிட்டது போலிருக்கிறது. நிமிர்ந்து பார்க்கிறேன், ஒருத்தியையும் காணவில்லை. சரசு அக்காவுக்கு முழங்கால் வருத்தம் என்று சொல்வாளே, அந்த முழங்காலோடு அவள் எப்படி அத்தனை விரைவாக மறைந்தாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சென்றிப் பக்கம் இருந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பிறகு போகாமல் நிற்கக் கூடாது, ஓடவும் கூடாது, உனக்கு நான் சொல்லித் தந்ததுதான். இரண்டு கையையும் தெரியும்படி வைத்துக்கொண்டு, சேற்று வரம்பால் நடந்து போனேன். துவக்கோடு நின்றவன் உன் வயதுப் பொடியன். மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. அவன் சிங்களத்தில் ஏதோ கேட்டான். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான். "அம்மா, கண்ணாடி ஏன் இப்பிடி, இப்பிடி? யாருக்குக் காட்டுறது?"

"ஒருத்தருக்கும் இல்லைத் தம்பி. தும்பி பாக்கிறன்."

"தும்பி யாரு?"

என் உயிர் போய்விட்டது. தும்பி என்று ஒரு ஆளை அவன் தேடத் தொடங்கினால் நான் எங்கே போய்ப் பிடித்துக் கொடுப்பேன்? "ஆள் இல்லை, பூச்சி, பறக்கிற பூச்சி" என்று சொல்லிக் கையை விரித்துக் காட்டப் போனேன். கையை அசைக்காதே என்று அதட்டினான். அசைக்கவில்லை. கழுத்தையும் திருப்பவில்லை. பயத்தில் என் பார்வை அவன் தோளுக்கு மேலால் முள்ளுக்கம்பிச் சுருளில் போய்க் குத்தி நின்றுவிட்டது. அந்தக் கம்பியின் முள் நுனியில் சிவப்பாக ஒன்று வந்து இருந்தது.

கண்ணாடி என் கையில் இருந்தது. அதனால் தூரத்தில் இருந்தது தெளிவாகத் தெரிந்தது. காற்று கடலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அது பின்சிறகுகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, கம்பியோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. சிறகடியைப் பார்த்தேன். துருக்கறை இல்லை. இருந்தும் இல்லாத மாதிரி ஒரு மஞ்சள், மஞ்சள் பூசிக் கழுவின பிறகு நகக்கண்ணில் தங்கி நிற்குமே, அவ்வளவுதான். முதுகைப் பார்த்தேன். நூல் இல்லை, வால் முடிவில் மட்டும் நிற்கிற பொட்டும் இல்லை. ஈட்டி முனைகள், ஒன்றின் பின் ஒன்றாக, வால் வரைக்கும். பேய்க்குப் பயந்தவள் கண்ணை மூடுவாள் என்பார்கள்; துவக்குக்குப் பயந்தவள் கண்ணை மூட ஏலாது, மகன். அவ்வளவு நன்றாக நான் என் வாழ்க்கையில் எதையும் பார்த்ததில்லை. உன் அப்பாவைக் கல்யாணத்துக்கு முன் இவ்வளவு நன்றாகப் பார்த்திருந்தால் யோசித்திருப்பேன்.

நான் எதைப் பார்க்கிறேன் என்று அவனும் திரும்பிப் பார்த்தான். முகம் மாறியது. "ஆ, பத்கூரா!" என்று சிரித்தான். அவர்கள் மொழியில் தும்பிக்கு அதுதான் பெயராம். துவக்கை இறக்கித் தோளில் மாட்டினான். எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும். மூச்சோடு சேர்ந்து பேச்சும் வந்துவிட்டது. தப்பினேன் என்ற சந்தோஷத்தில் என் வாய் மடை திறந்தது. "இது யாருக்கு, அம்மா?" என்று அவன் கேட்டான். "மகனுக்கு" என்றேன். "என்ர மகன் பெரிய படிப்புப் படிக்கிறான், தம்பி. கம்பஸில. தும்பி பற்றித்தான் படிக்கிறான்." "மகன் எத்தின வயசு?" சொன்னேன். "எங்க இருக்குது?" சொன்னேன். "வீட்டுக்கு எப்ப வாறது?" அதையும், விடுமுறைக்கு என்று, பெருமையோடு சொன்னேன். யாரும் அடித்துக் கேட்கவில்லை, மகன். சிரித்துக் கேட்டான், நான் சிரித்துச் சொன்னேன். ஒழுங்கைக்கெல்லாம் பாடம் எடுத்தவள், எந்தத் தாயும் சொல்லாததைச் சென்றி வாசலில் நின்று ஒப்புவித்துவிட்டு வந்தேன். "வந்தா இங்க கூட்டி வாங்க. நான் காட்டுறது" என்றான் அவன், கம்பியைச் சுட்டி.

வீட்டுக்கு வரும் வழியில்தான் யோசிக்கத் தொடங்கினேன். அந்தச் சிரிப்பு எந்த வகைச் சிரிப்பு? எங்கோ வயல் ஊரில் பிறந்து, தும்பி பிடித்து விளையாடிய ஒரு பிள்ளையின் சிரிப்பா? அல்லது ஒரு வீட்டில் இளவயது ஆம்பிளை ஒருவன் இருக்கிறான் என்று அறிந்துகொண்டவனின் சிரிப்பா? தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கிட்ட நின்று பார்த்த எனக்கும் ஒன்றுதான். சிறகைப் பார், முதுகைப் பார் என்று தும்பிக்கு எழுதினாயே, இதற்கு எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

பிறகு சுற்றிவளைப்பு வந்தது. விடிந்து தேத்தண்ணீர் வைக்கிற நேரம், ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். லிங்கநகர் ஆட்கள் எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு. பெண்கள் ஒரு பக்கம், வயது போனவர்கள் ஒரு பக்கம், இளம் பொடியன்கள் நீள வரிசையில். வரிசையைப் பார்த்தபோதுதான் எங்கள் ஒழுங்கையில் எத்தனை ஆம்பிளைப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வாகனத்துக்குள் ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி இருந்தான். முகத்தைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டு உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக முன்னால் போய் நிற்க வேண்டும். சாக்கு ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆடினால் வாகனத்தில் ஏற வேண்டும். மூன்று சிவப்பைப் பிரித்துப் பார்க்க எனக்கு எத்தனை நாள் வெயில் தேவைப்பட்டது! அந்த ஓட்டைக்குள்ளிருந்தவனுக்கு ஒரு பொடியனுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. சரசு அக்காவின் மகன் கண்ணன் முன்னால் போய் நின்றான். உன்னோடு படித்த கண்ணன்தான். சைக்கிள் கடையில் ஒட்டுப் போடுகிறவன். கோழி அறுப்பதைப் பார்த்தாலே மயங்குகிறவன். சாக்கு ஆடியது. சரசு அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். என் மணிக்கட்டில் வளையல் இருந்திருந்தால் உடைந்திருக்கும், அப்படிப் பிடித்தாள்.

மகன், இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் கருவாட்டுக்குள் ஒளித்து அனுப்புகிற விஷயம். எங்களைப் போகச் சொன்னார்கள். நான் சரசு அக்காவைத் தாங்கிக்கொண்டு வாசலால் வெளியே வருகிறேன். வாசலில் அந்தச் சென்றிப் பொடியன் நின்றான், அதே அரும்பு மீசை. என்னை அடையாளம் கண்டுகொண்டான். பெண்களுக்குப் பின்னால், பொடியன்கள் வருகிற பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு என்னிடம், மெதுவாக, நட்பாகத்தான் கேட்டான்: "அம்மா, பத்கூரா மகன் இன்னும் வரல்லையா?"

"இல்லைத் தம்பி" என்றேன். எனக்குத் தெரிந்த மிகச் சிறிய வசனம் அதுதான். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதே இல்லை.

சரசு அக்கா இப்போது ஒவ்வொரு நாளும் சோற்றுப் பார்சலோடு முகாம் வாசலில் போய் நிற்கிறாள். சில நாள் பார்சலை வாங்குகிறார்கள், சில நாள் திருப்பி அனுப்புகிறார்கள். வாங்குகிற நாளில் அவன் இருக்கிறான் என்று நம்புகிறாள். நானும் கச்சேரிக்குப் போகிற வழியில் கொஞ்ச நேரம் கூட நிற்கிறேன். ஊர்க் கதை சொல்லி அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவளும் எனக்காகச் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த வேலையை விட்டுவிட்டேன்.

உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் வாய் செய்த வேலை உட்பட. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "இஞ்சை பாரும், அது இல்லையெண்டு எழுதும்."

"நான் கண்டனான். அதுதான்."

"கண்டதை ஆர் இப்ப கேட்டது? ரெண்டாவது சிவப்பு எண்டு எழுதும். வாத்தியாரும் அதைத்தானே சொல்லுறார். பொடியன் அங்கேயே நிண்டு வேற எதையும் படிக்கட்டும்."

"அவன் என்னை நம்பித்தானே கேட்டவன்?"

"ஓம். நம்பிறபடியாலதான் சொல்லுறன். நீர் எழுதினால் வரமாட்டான்." பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "டொக்டராகாட்டிப் பறவாயில்லை" என்றார். அப்போதுதான், மகன், அந்த மனிதர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

எழுதினேன். மறைக்காமல் சொல்கிறேன், முதலில் அப்படித்தான் எழுதினேன். துருக்கறை, வால் முடிவில் பொட்டு, கந்தளாய்ப் பக்கம் காண்கிற அதே சாதாரணத் தும்பி, வெயிலில் நின்றது வீண், வேறு தலைப்பு எடு. ஒரு எழுத்துப் பிழை இல்லை, ஒரு அடித்தல் இல்லை. அதை மடித்துவிட்டு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "எல்லாரும் சிரிச்சாலும் நான் கண்டனான், அம்மா" என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். என் பொய் உன் கைக்கு வந்தால் நீ என்ன செய்வாய்? பேராசிரியரை நம்பாத நீ என்னை நம்புவாய். நான் பிழையாகக் கண்டேன் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு உன் கண்ணை நீயே சந்தேகிப்பாய். நீ பத்திரமாக இருப்பாய், ஆனால் இனி எதைக் கண்டாலும் யாராவது சொன்ன பிறகுதான் அது அதுதான் என்பாய். சாக்குக்குள் இருந்தவன் கண்ணனைக் காட்டி அல்லாததை ஆம் என்றான். அவனைப் பிடித்து வைத்து என்ன செய்தார்களோ, அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். எனக்கு யாரும் சாக்குப் போடவில்லை. பயத்தைத் தவிர வேறு யாரும் என் கழுத்தைப் பிடித்திருக்கவில்லை. நான் தலையை மாற்றி ஆட்டினால் எனக்கு என்ன சாட்டு இருக்கிறது? அந்தக் கடிதத்தை அடுப்பில் வைத்தேன். உன் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். நெருப்பு அணையாமல் ஊதிவிட்டார்.

ஆகவே பதில் இதுதான். நீ கண்டது மூன்றாவது சிவப்பு. சின்ன மஞ்சள், ஈட்டி முனைகள், தூக்கின பின்சிறகு, மூன்றையும் என் கண்ணால் கண்டேன். ஒன்று அல்ல, பிறகு கண்டல் மரத்தடியிலும் இரண்டு கண்டேன். உன் பேராசிரியர் சிரித்தது பிழை. இதை அவரிடம் போய்ச் சொல். கண்ணாடி போட்டுக் கழற்றுகிற ஒரு தட்டச்சுக்காரி சொன்னாள் என்று சொல். இன்னும் சிரித்தால் சிரிக்கட்டும்.

இனி நான் கேட்பது. இத்தனை வருஷம் உனக்கு ஆயிரம் புத்தி சொல்லியிருக்கிறேன். சென்றியில் நிமிர்ந்து நட என்றேன், பிறகு நிமிர்ந்து நடந்தால் திமிர் என்பார்கள், குனிந்து நட என்றேன். அடையாள அட்டையை மேல் பையில் வை என்றேன், பிறகு விழுந்துவிடும், உள்பையில் வை என்றேன். நீ எல்லாவற்றுக்கும் "ஓம் அம்மா" என்றாய், ஒன்றையும் கேட்கவில்லை என்றும் எனக்குத் தெரியும். அவை எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இந்த ஒன்றை மட்டும் கேள். வராதே. தும்பி அதுதான் என்று தெரிந்தும் வராதே. பொய் சொல்லி உன்னை நிறுத்த எனக்கு வழி இருந்தது, நான் அதை எடுக்கவில்லை. அதனால் இப்போது உன்னை நிறுத்த என்னிடம் ஒன்றுமே இல்லை, கேட்பதைத் தவிர. பஸ் நிலையத்தில் ஒவ்வொரு பஸ்ஸும் வந்து நிற்கும்போது இறங்குகிறவர்களில் நீ இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நிற்கிற தாயாக என்னை ஆக்காதே. வேறு எந்தத் தாயும் தன் பிள்ளை வரக் கூடாது என்று நேர்த்தி வைத்திருக்க மாட்டாள். நான் வைத்திருக்கிறேன்.

நீ கண்டது சரி. அதை இனி யாரும் உன்னிடமிருந்து பறிக்க ஏலாது. தும்பி இங்கே இருக்கட்டும். நீ அங்கே இரு, ராசா.

அம்மா